17 வயதில் மருத்துவ இடம் கேட்பது

நியூ ஜெர்சியில் எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை 11-ஆம் வகுப்புக்கு வந்துவிட்டால் ஒரு பேச்சு ஆரம்பமாகிவிடும்: "பி.எஸ்./எம்.டி. அப்ளை பண்றீங்களா?" பட்டப்படிப்புக்கும் மருத்துவத்துக்கும் சேர்த்து ஒரே சேர்க்கை, அதுதான் பி.எஸ்./எம்.டி. நான் மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். என் மகள் இந்த வழியில் விண்ணப்பித்து இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அதனால் பலர் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். "அக்கா, எந்த ப்ரோகிராம் நல்லது? எஸ்.ஏ.டி. எவ்வளவு இருக்கணும்?" என்றுதான் பெரும்பாலும் தொடங்கும். (எஸ்.ஏ.டி. என்பது கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு.) அந்த இரண்டு கேள்விகளுக்கும் முன்னால் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. போனில் அவசரமாகச் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மருத்துவம் என்பது பட்டப்படிப்புக்குப் பிறகு வருவது. பள்ளி முடித்து நான்கு வருடம் ஒரு பட்டம் படிக்க வேண்டும். அதற்குள் உயிரியல், வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல் எல்லாவற்றையும் முடித்து, மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் எழுதி, மருத்துவக் கல்லூரிகளுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பமே ஏறக்குறைய ஒரு வருட வேலை. பி.எஸ்./எம்.டி. ப்ரோகிராமில் பட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் சேர்த்து 12-ஆம் வகுப்பிலேயே விண்ணப்பிக்கிறோம். கிடைத்துவிட்டால், அவர்கள் சொல்லும் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) குறையாமல் படித்து வரும்வரை மருத்துவக் கல்லூரியில் ஓர் இடம் காத்திருக்கும். பெரும்பாலும் 8 வருடம், சில இடங்களில் 7. கன்சாஸ் சிட்டியில் இருக்கும் மிசூரி பல்கலைக்கழகத்தைப் போல மிகச் சில இடங்களில் 6.

ஊரில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு இதுதான் இயல்பான வழியாகத் தோன்றுகிறது. பிளஸ் டூ, அப்புறம் எம்.பி.பி.எஸ்., நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி, 23 வயதில் டாக்டர். அந்தக் கணக்கு மனத்தில் இருப்பதால், இங்கே இருக்கும் நீண்ட பாதை வீண் சுற்றாகத் தெரிகிறது, பி.எஸ்./எம்.டி.யைக் கண்டதும் நிம்மதி வருகிறது. ஆனால் இங்கே இது விதிவிலக்கு. ஏன் விதிவிலக்காக வந்தது என்று தெரிந்துகொண்டால் விண்ணப்பமே வேறு மாதிரி எழுத வரும்.

1893-இல் பால்டிமோரில் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி, பட்டம் பெற்றவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. அன்றைக்கு அது புதுமை. 1910-இல் ஏப்ரகாம் ஃப்ளெக்ஸ்னர் நாட்டிலுள்ள மருத்துவக் கல்லூரிகளை நேரில் பார்த்து எழுதிய அறிக்கை, ஹாப்கின்ஸ் முறையையே எல்லோருக்கும் அளவுகோலாக்கியது. தரமற்ற பல கல்லூரிகள் மூடப்பட்டன. கூடவே, கறுப்பின மாணவர்களைப் படிக்கவைத்த 7 கல்லூரிகளில் 5 இல்லாமல் போயின. ஹோவர்டும் மெஹரியும் மட்டுமே மிஞ்சின. அந்த இழப்பின் விளைவு இன்னும் தீரவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து, டாக்டர்கள் போதவில்லை என்ற கவலை வந்தபோதுதான் பள்ளியிலிருந்தே எடுக்கும் யோசனை வந்தது. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் 1961-இலும், பென்சில்வேனியாவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகமும் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 1963-இலும் தொடங்கின. 1971-இல் மிசூரியின் 6 வருடப் படிப்பு வந்தது. டாக்டர் கிரே டைமண்ட் அதை வடிவமைத்தார். மாணவர்கள் மூத்த மருத்துவர் ஒருவரின் கீழ் சிறு குழுவாக இருந்து ஆரம்பத்திலிருந்தே நோயாளிகளைப் பார்த்துக் கற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1973-இல் நியூயார்க் நகரத்தின் சிட்டி காலேஜில் சோஃபி டேவிஸ் ப்ரோகிராம் வந்தது. டாக்டர் கிடைக்காத பகுதிகளில் வேலை செய்யக்கூடியவர்களை, முக்கியமாக மருத்துவத்தில் குறைவாக இருந்த சமூகங்களிலிருந்து, உருவாக்குவது அதன் நோக்கம். நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகம் 2006-இல் தொடங்கிய ப்ரோகிராம் முக்கியமாக அந்த மாநிலப் பிள்ளைகளுக்கானது. கிராமங்களுக்கும் சிறு ஊர்களுக்கும் போகிற டாக்டர்கள் வேண்டும் என்பதே அதன் பிறப்புக் காரணம். ப்ரவுன் பல்கலைக்கழகத்தின் 8 வருடப் படிப்பு இதற்கு நேர் எதிர்த் திசை: எம்கேட் பயம் இல்லாமல் இலக்கியமோ வரலாறோ இசையோ எதை வேண்டுமானாலும் முதன்மைப் பாடமாகப் படித்துவிட்டு மருத்துவத்துக்கு வா என்கிறார்கள்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு ப்ரோகிராமும் ஏதோ ஒரு தேவைக்காக உண்டானது. "எங்கள் ப்ரோகிராம் ஏன்?" என்று அவர்கள் கேட்கும் விண்ணப்பக் கட்டுரையின், அதாவது எஸ்ஸேயின், உண்மையான கேள்வி, அந்தத் தேவைக்கு நீ பொருந்துவாயா என்பதுதான். நம் பிள்ளைகளோ ஒரே பதிலில் கல்லூரிப் பெயரை மட்டும் மாற்றிப் பதினைந்து இடத்துக்கு அனுப்புகிறார்கள். நியூ மெக்ஸிகோவின் நோக்கமும் ப்ரவுனின் நோக்கமும் ஒரே பிள்ளைக்கு ஒரே அளவில் பொருந்துவது அபூர்வம்.

எல்லா ப்ரோகிராமும் நிலையாக இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். 1961-இல் தொடங்கிய நார்த்வெஸ்டர்னே பள்ளி மாணவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. யாரோ அனுப்பிய பழைய பட்டியலை நம்பாமல், அந்த வருடத்துக் கல்லூரிப் பக்கத்தை நீங்களே பார்த்துவிடுங்கள்.

சரி, பெற்றோரின் பயத்துக்கு வருகிறேன். அது பொய்யான பயம் இல்லை. 2023-இல் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 52,500 பேர். சேர்ந்தவர்கள் சுமார் 23,000. பாதிப் பேருக்கு மேல் அந்த வருடம் இடமில்லை. 472-இலிருந்து 528 வரை மதிப்பெண் கொண்ட எம்கேட்டில், சேர்ந்தவர்களின் சராசரி 511, 512-ஐ ஒட்டி இருக்கிறது. பட்டம் முடித்து நேராகப் போகிறவர்களைவிட, ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆராய்ச்சி உதவியாளராகவோ டாக்டருக்குக் குறிப்பெடுக்கும் ஸ்க்ரைபாகவோ வேலை பார்த்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். 18 வயதில் கல்லூரிக்குப் போன பிள்ளை, 22 வயதில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்குமோ என்று ஒரு தாய் பயந்தால், அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் கணக்கின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பல ப்ரோகிராம்கள் ஒரு வருடத்தில் எடுப்பதே பத்துப் பேர், இருபது பேர். பெரிய ப்ரோகிராம்களிலும் நூறைத் தாண்டுவது கடினம். பெயர்பெற்ற இடங்களுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வகுப்பில் முதல் வரிசைப் பிள்ளைகள். ஆக, பாதுகாப்பு என்று நாம் நினைக்கும் வழி, சாதாரண வழியைவிட நுழையக் கடினமானது. உறுதி எல்லாம் உள்ளே போன பிறகுதான். இதைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மார்ச் மாதம் வரிசையாக மறுப்புக் கடிதங்கள் வரும்போது, "நான் டாக்டராகத் தகுதியில்லையோ" என்று 17 வயதுப் பிள்ளை நினைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அப்படி நினைத்த இரண்டு பிள்ளைகள் இன்று மாநிலப் பல்கலைக்கழகங்களில் மருத்துவத்துக்குத் தயாராகும் ப்ரீ-மெட் படித்து நன்றாக வந்துகொண்டிருக்கிறார்கள்.

மதிப்பெண் வேண்டும்தான், குறைந்தபட்ச எஸ்.ஏ.டி. என்று சில இடங்களில் போட்டே இருப்பார்கள். ஆனால் விண்ணப்பிக்கிற எல்லோரிடமும் அது இருக்கும்போது, தேர்வுக்குழு பார்ப்பது ஒன்றைத்தான் என்று எனக்குப் படுகிறது: இந்தப் பிள்ளைக்கு டாக்டர் வேலை என்னவென்று தெரியுமா?

நான் ஆய்வகத்திலிருந்து பார்க்கிற டாக்டர் வேலை வேறு. நள்ளிரவு தாண்டி பயிற்சியில் இருக்கும் டாக்டர், ரெசிடென்ட் ஒருவர், போன் செய்து, பொட்டாசியம் ரிசல்ட் வந்துவிட்டதா என்று கேட்பார். வந்திருக்காது. பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பார். அந்தக் குரலில் இருக்கும் அசதியும், தன் பொறுப்பில் ஓர் உயிர் இருக்கிறது என்ற பதற்றமும் எனக்குப் பழக்கம். என் மகள் டாக்டராக வேண்டும் என்று சொன்னபோது, நான் விரும்பியது ஒன்றுதான். வெள்ளைக் கோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த அசதியை அவள் பார்க்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அது எளிதாகக் கிடைப்பதில்லை. நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டங்கள் கடுமையானவை என்பதால் பல மருத்துவமனைகள் 16 வயதுக்குக் கீழே தன்னார்வலராகக்கூடச் சேர்ப்பதில்லை. டாக்டரோடு கூடவே இருந்து பார்க்கும் ஷேடோயிங்குக்கு 18 வயது கேட்கிற இடங்களும் உண்டு. உறவிலோ நட்பிலோ டாக்டர் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு வழி திறக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை. இந்த அநியாயம் எனக்கு உறுத்தல்தான். எங்கள் மாநிலத்தில் 16 வயதிலேயே ஈ.எம்.டி. எனும் ஆம்புலன்ஸ் அவசர சிகிச்சைப் பயிற்சி எடுக்கலாம். என் மகள் ஒரு கோடையில் அதை முடித்துவிட்டு, ஊர்த் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுவில் சேர்ந்தாள். அந்த வசதி இல்லாதவர்கள் முதியோர் இல்லங்களைப் பாருங்கள். அங்கே எப்போதும் ஆள் தேவை. சாப்பாடு ஊட்ட, சக்கர நாற்காலி தள்ள, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்க ஆள் வேண்டும். அந்த வேலையில் பொறுமை நிற்கிறதா என்று ஒரு மாதத்தில் பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

என் மகள் எழுதிய முதல் எஸ்ஸேயில், சின்ன வயதிலிருந்தே மற்றவர்களுக்கு உதவப் பிடிக்கும் என்றும் அறிவியல் பிடிக்கும் என்றும் இருந்தது. உண்மைதான், ஆனால் அது எந்தப் பிள்ளையின் எஸ்ஸேயாகவும் இருக்கலாம். பிறகு ஒரு நாள் இரவு சாப்பாட்டின்போது ஒரு ஆம்புலன்ஸ் அழைப்பு பற்றிச் சொன்னாள். வீட்டில் தனியாக இருந்த முதியவர் ஒருவர் விழுந்து இடுப்பில் அடிபட்டிருக்கிறது. ரத்த அழுத்தம் பார்ப்பது இவள் வேலை. வலி எவ்வளவு என்று கேட்டால் அவர் பதிலே சொல்லவில்லையாம்; என் நாய்க்கு யார் சோறு வைப்பார்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தாராம். இவளுடைய சீனியர் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நாயை ஒப்படைத்த பிறகுதான் அவர் ஸ்ட்ரெச்சரில் ஏறச் சம்மதித்தார். "அம்மா, அவர் பல்ஸ்கூட அதுக்கப்புறம்தான் குறைஞ்சது" என்றாள். அதையே எழுது என்றேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி எழுதினாள். நோய் ஒருவருடைய வாழ்க்கையின் நடுவில் வந்து விழுகிறது, அந்த வாழ்க்கையைப் பார்க்காமல் நோயைப் பார்க்க முடியாது என்று அவளுக்கு அன்றைக்குப் புரிந்ததை அவளுடைய சொற்களிலேயே வைத்தாள். நேர்முகத் தேர்வில் இரண்டு இடத்திலும் இதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள்.

நேர்முகத் தேர்வில் தவறாமல் வரும் ஒரு கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். ஏன் நர்ஸ் ஆகக் கூடாது? டாக்டரோடு சேர்ந்து சிகிச்சை தரும் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் ஏன் ஆகக் கூடாது? அவர்களும்தானே உதவுகிறார்கள்? டாக்டர் என்பது மரியாதையான வேலை என்று மட்டுமே வளர்ந்த பிள்ளை இங்கே தடுமாறும். நர்ஸ் என்ன செய்கிறார், டாக்டர் என்ன முடிவெடுக்கிறார், அந்த முடிவு தவறினால் யார் பொறுப்பு என்று நேரில் பார்த்த பிள்ளை, நர்ஸைத் தாழ்த்தாமலே பதில் சொல்லும். வீட்டிலும் நாம் நர்ஸ்களைப் பற்றி எப்படிப் பேசுகிறோம் என்பது அந்தப் பதிலில் வெளிப்பட்டுவிடும்.

இதற்கென்றே ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கும் கன்சல்டன்ட்கள் பெருகிவிட்டார்கள். எஸ்ஸேயைப் படித்துக் கருத்துச் சொல்வது வேறு. பிள்ளையின் பெயரில் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கச் சொல்வதும், காசு கொடுத்து ஆராய்ச்சிக் கட்டுரையில் பெயர் சேர்க்கச் சொல்வதும் வேறு. மனித உடலைத் தொட்டு வேலை செய்யப்போகிற பிள்ளைக்கு, அந்த வேலையின் முதல் படியிலேயே இல்லாததை இருப்பதாகக் காட்டக் கற்றுக்கொடுக்கிறோம். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விருப்பமில்லை.

விசா விஷயத்தைத் தமிழ்க் குடும்பங்களுக்காகத் தனியாகச் சொல்ல வேண்டும். பல ப்ரோகிராம்கள் அமெரிக்கக் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே சேர்க்கின்றன. மாநிலப் பல்கலைக்கழகங்களில் அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கலாம். இரண்டு வயதில் இங்கே வந்து, கிண்டர்கார்டனிலிருந்து இங்கேயே படித்த பிள்ளைகள், பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறார்கள். எந்த ஒரு நாட்டுக்கும் மொத்த கிரீன் கார்டில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பினால் இந்தியர்களின் வரிசை பத்து வருடத்துக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. பிள்ளைக்கு 21 வயது ஆகும்போது பெற்றோரின் எச்-1பி நிழலிலிருந்து வெளியே வந்துவிடுகிறது. பிறகு வெளிநாட்டு மாணவர் விசாதான். 8 வருடப் படிப்பில் 21 என்பது நடுவில் வருகிறது. உங்கள் பிள்ளை இந்த நிலையில் இருந்தால், 12-ஆம் வகுப்பு இலையுதிர் காலத்தில் இதைக் கண்டுபிடிக்க விடாதீர்கள். 9-ஆம் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். எந்தெந்த ப்ரோகிராம் ஏற்கும், எந்தெந்த மருத்துவக் கல்லூரி வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் என்று சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். விருதும் மதிப்பெண்ணும் நிறைந்த ஒரு பெண், எல்லாம் தயாரான பிறகு விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே நின்றுபோனதை நான் அறிவேன். அவள் தவறு அதில் எதுவும் இல்லை.

பணம். அமெரிக்க மருத்துவப் பட்டதாரிகளில் கடன் உள்ளவர்களின் இடைநிலைக் கடன் 2 லட்சம் டாலரை ஒட்டி இருக்கிறது. 2025-இல் வந்த சட்டம் கணக்கையே மாற்றிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் எடுப்பவர்களுக்கு, மேற்படிப்புக்கு மத்திய அரசு தந்துவந்த கிராட் ப்ளஸ் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு மத்திய அரசின் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர்தான். பட்டப்படிப்புக்குப் பெற்றோர் எடுக்கும் பேரன்ட் ப்ளஸ் கடனும் ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 என்று நிறுத்தப்பட்டுவிட்டது. தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் தங்கும் செலவையும் சேர்த்தால் நான்கு வருடத்துக்கு 2 லட்சத்தைத் தாண்டிப் போகும். மிச்சத்துக்குத் தனியார் வங்கிதான், கையெழுத்துப் போடப்போவது நீங்கள்தான். இன்று 12-ஆம் வகுப்பில் இருக்கிற பிள்ளை மருத்துவக் கல்லூரிக்குள் போகும்போது இந்த வரம்புகளோடுதான் போகும். ஒரு வருடம் குறையும் 7 வருட ப்ரோகிராமின் உண்மையான மதிப்பு எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது.

இதையும் சேர்த்து யோசியுங்கள். சில ப்ரோகிராம்களில் சேர்ந்துவிட்டு வேறு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால், ஒதுக்கிய இடம் போய்விடும். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 2018-இலிருந்து கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. 2024-இல் முன்னாள் பேராசிரியர் ரூத் காட்டெஸ்மன் கொடுத்த 100 கோடி டாலரால் பிராங்க்ஸில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் கல்லூரியும் கட்டணம் இல்லாததானது. அதே வருடம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், வருட வருமானம் 3 லட்சம் டாலருக்குக் குறைவான குடும்பங்களுக்குக் கட்டணத்தை எடுத்துவிட்டது. அங்கெல்லாம் இடம் கிடைப்பது கடினம்தான். ஆனாலும், 22 வயதில் உங்கள் பிள்ளை அந்த வாசலுக்குப் போகக்கூடியவளாக வளர்ந்திருந்தால், 17 வயதில் போட்ட கையெழுத்து அவளைத் தடுக்கக் கூடாது. வெளியே விண்ணப்பிக்கலாம், இடமும் இருக்கும் என்று சொல்லும் ப்ரோகிராம்களும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்து, ஒரு ப்ரோகிராமைப் பட்டியலில் சேர்ப்பதற்கு ஒரே ஒரு சோதனை போதும். மருத்துவ இடத்தை எடுத்துவிட்டால், அந்தக் கல்லூரியில் நான்கு வருடம் படிக்கப் பிள்ளைக்கு விருப்பமா? 19 வயதில் மனம் மாறினால், அங்கே வேறு ஒன்றைச் சந்தோஷமாகப் படிக்க முடியுமா? முடியாதென்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மனம் மாறுவது தோல்வி என்று பிள்ளை நினைக்காத வீடாக நம் வீடு இருக்க வேண்டும். என் மகளுக்கு இதைச் சொன்னபோது, பட்டியலில் பாதியை அவளே அடித்துவிட்டாள். மிச்சம் இருந்தவற்றில் நவம்பர் முதல் தேதி, நவம்பர் நடுவில், டிசம்பர் முதல் தேதி என்று கெடு பிரிந்து இருந்ததால், எழுதவும் நேரம் கிடைத்தது.

அவளுக்கு ஒரு ப்ரோகிராமில் இடம் கிடைத்தது. இன்னொன்றில் காத்திருப்புப் பட்டியல். மற்ற கல்லூரிகளில் மருத்துவம் இல்லாத சாதாரண அனுமதியும் இருந்தது. ஏப்ரல் மாதம் முழுவதும் முடிவு சொல்ல வேண்டிய மே 1-ஐ வைத்துக்கொண்டு யோசித்தோம். அவளே சில கேள்விகள் எழுதி இரண்டு அலுவலகங்களுக்கும் அனுப்பினாள். ஜிபிஏ ஒரு பருவத்தில் குறைந்தால் எச்சரிக்கையா, நேராக நீக்கமா? எம்கேட் எழுத வேண்டுமா, எழுதினால் எவ்வளவு? ஒரு வருடம் ஆராய்ச்சிக்கோ உடல்நலத்துக்கோ தள்ளிப்போட்டால் இடம் இருக்குமா? கல்லூரிக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் இடையிலான ஒப்பந்தம் நடுவில் முடிந்துபோனால், ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு என்ன ஆகும்? ஒரு அலுவலகம் இரண்டு நாளில் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் அனுப்பியது. தற்போது படிக்கும் மாணவி ஒருத்தியிடம் பேசவும் ஏற்பாடு செய்தது. இன்னொன்று, சேர்ந்த பிறகு கையேட்டில் பார்க்கலாம் என்றது. அந்தக் காத்திருப்புப் பட்டியலிலிருந்து அவள் அன்று மாலையே விலகிக்கொண்டாள். பதில் சொன்ன இடத்துக்கு மறுநாள் முன்பணம் கட்டினோம்.